பிரீதர் குழாயில் ஒரு போல்ட்

டர்போ காரின் அடியில் மல்லாந்து கிடந்த மாப்பிள்ளைக்குக் கோளாறு என்னவென்று பார்க்காமலே தெரியும். இன்ஜினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை, டர்போவுக்குக் காற்று போகும் வழியில் வெளியேற்றும் பிரீதர் குழாயைப் போன மாதம் போல்ட் வைத்து அடைத்ததே அவன்தான். அடைக்கச் சொன்னது ஒர்க்‌ஷாப் முதலாளியான மாமனார்.

"டர்போவுக்குள்ள எண்ணெய் போகுதுன்னா ஓட்டையை அடைச்சு விடுங்க மாப்ளே, தலைவலி விட்டது."

"ஆவிக்குப் போக்கிடம் வேணுமே மாமா. நடுவுல ஒரு டப்பா வச்சு எண்ணெயை மட்டும் பிடிச்சுக்கலாம்" என்று இவன் இழுத்தான். கேட்டாரா மனுஷன்? இப்போது வழி கிடைக்காத ஆவி, எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் வளையத்தையே பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. தரையெல்லாம் எண்ணெய்.

பானெட்டுக்குள் குனிந்த வண்டிக்காரர் குழாயிலிருந்து போல்ட்டை உருவினார். "இதை யாருங்க வச்சது?"

"அதானே! எந்த மடையன் பார்த்த வேலை?" மாமனார் முந்திக்கொண்டார். "சொல்லுங்க மாப்ளே, வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

மாப்பிள்ளை வெளியே வந்தான். நேர் மேலே, மாமனார் வீட்டு மாடி சன்னலில், மனைவி நின்றுகொண்டிருந்தாள். கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

"நான்தான் மாமா."

மாமனார் வண்டிக்காரரிடம் உதட்டைப் பிதுக்கினார். "வெளி ஆளா இருந்தா இந்நேரம் சீட்டைக் கிழிச்சு அனுப்பியிருப்பேன். வீட்டோட மாப்பிள்ளையாப் போயிட்டாரு, என்ன பண்றது?"

வெளி ஆள். என்ன அழகான சொல் என்று நினைத்தபடியே மாப்பிள்ளை மறுபடியும் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.