நடுவில் நிற்கும் ஒட்டகம்

மனானா ஓவியர் என்பதை முதலில் நான் நம்பவேயில்லை. பஹ்ரைனில், குதைபியாவில் எங்கள் ஃப்ளாட்டின் கடைசி ரூம் அவளுடையது. நானும் ஷிஜியும் நர்ஸுகள், எங்கள் ரூமில் டெட்டால் நாறும். அவள் ரூமில் டர்பன்டைன். ஜார்ஜியாவில் ஓவியக் கல்லூரியில் படித்து, அங்கே கண்காட்சியெல்லாம் வைத்தவளாம். ஒரு கல்யாண மண்டபக் கூரைக்குப் பூ வரைய பஹ்ரைன் வந்தவள், அப்புறம் பத்து வருஷமாக ஒரு ஹோட்டலுக்கு ஒட்டகம் வரைந்துகொண்டிருந்தாள். விசாவும் அவர்கள் கையில்தான். மனுஷ முகம் வேண்டாம், ஒட்டகம் போதும் என்பது அவர்களுடைய ரசனை. அந்த ஒட்டகங்களும் பற்பசை விளம்பரத்துக்கு வந்தவை போல இளித்துக்கொண்டு நிற்கும். ஒன்றில்கூட அவள் கையெழுத்துப் போட்டதில்லை.

ஏன் என்று எங்கள் இங்கிலீஷும் இந்தியும் கலந்த பாஷையில் ஒருநாள் கேட்டேன்.

"என் டீச்சர் இன்னும் உயிரோடு இருக்கிறார்" என்றாள்.

போன மாதம் லாபிக்குப் பெரிய படம் ஒன்று கேட்டார்கள். அன்றிலிருந்து கிச்சனில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துப் பார்த்து வரைய ஆரம்பித்தாள். ஷிஜி வெங்காயம் வெட்டும்போது, நைட் டூட்டி முடிந்து வந்த நான் சிங்கில் எவளோ போட்டுவைத்த பாத்திரத்தைப் பார்க்கும்போது. முதலாளிக்குப் புத்தி வந்து மனுஷியை வரையச் சொல்லிவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தேன். குளச்சலுக்கு போன் போட்டு, "அம்மா, என்னைய ஒருத்தி படம் வரையுதா, ஹோட்டல்ல மாட்டப் போறாவ" என்று பீற்றிக்கொண்டேன். அம்மா அதைக் கோயில் பாட்டுக்குழு வரைக்கும் கொண்டுபோய்விட்டாள்.

திறப்பு விழாவுக்கு நானும் ஷிஜியும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனோம். துணியை விலக்கினார்கள். கிணற்றடியில் ஒட்டகக் கூட்டம். நடுவில் நிற்பது நான்.

சந்தேகமே இல்லை. அதே இமை, அதே தாடை, கழுவாத பாத்திரத்தைப் பார்க்கிற அதே பார்வை. ஷிஜி விழுந்து விழுந்து சிரித்தாள், பக்கத்து ஒட்டகம் தான்தான் என்று தெரிகிற வரைக்கும்.

மேனேஜர் முன்னும் பின்னும் நடந்து பார்த்தார். "நடுவில் நிற்பது ஏன் முறைக்கிறது? கெஸ்ட் சந்தோஷமாக இருக்க வருகிறார்கள். நாளைக்குள் சிரிப்பு வேண்டும். இல்லையென்றால் உன் விசா கலாஸ், முடிந்தது" என்றார் மனானாவிடம்.

டாக்ஸியில் மனானா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "இங்கே வந்த பிறகு நான் ஒழுங்காக வரைந்த ஒரே முகம் அது."

"நல்லா வேணும் ஒனக்கு" என்றேன் தமிழில். ஒட்டகமாக்கப்பட்டவளுக்கு எங்கிருந்து இரக்கம் வரும்?

அன்று மாலை அம்மா வீடியோ காலில் வந்தாள். படத்தைக் காட்டு என்று ஒரே பிடி. நான் மழுப்புவதற்குள் ஷிஜி தன் போனில் எடுத்த போட்டோவை நீட்டி, "இந்தா, ஒங்க மவளப் பாருங்க" என்றாள். பாவி.

அம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"ஒனக்கு உறக்கமே இல்லியா மக்களே?"

இத்தனை வருஷமாக இதே போனில் பல்லைக் காட்டி, நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன் என்று சொல்லி வந்தவள் நான். அந்த முகத்தைப் பார்த்து ஒருநாளும் கேட்காதவள், ஒட்டகத்தைப் பார்த்துக் கேட்கிறாள். அழுகை வந்துவிட்டது. நெட் போகுது என்று சொல்லி போனை வைத்தேன்.

ராத்திரியே ஹோட்டலுக்குப் போய்த் திருத்துவதற்காக மனானா எங்கள் தோசைத் தட்டில் ஒட்டகத்தின் உதட்டுக்கு ரோஸ் குழைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னைத் தொடாதே" என்றேன்.

"சிரிப்பு கேட்டாரே."

"மற்றதுகளைச் சிரிக்க வை. ஒன்றுக்குப் பதில் நிறையக் கொடு."

ஷிஜியை யாரும் கேட்கவில்லை. அவளுக்கு அது தேவைதான்.

மறுநாள் மற்ற ஒட்டகங்களெல்லாம் ஈறு தெரிய இளித்தன. அத்தனை இளிப்புக்கு நடுவே எவளாக இருந்தாலும் முறைக்கத்தான் செய்வாள். மேனேஜருக்கும் அது புரிந்திருக்க வேண்டும், சிரித்துவிட்டார். விசா பிழைத்தது. இப்போது கெஸ்டுகள் என்னோடுதான் செல்ஃபி எடுக்கிறார்களாம்.

மனானா படத்தை போட்டோ எடுத்து டீச்சருக்கு அனுப்பிவிட்டாள். கையெழுத்தும் போட்டிருக்கிறாள், முறுக்குப் பிழிந்தது போன்ற ஜார்ஜிய எழுத்தில், என் பின்னங்காலுக்கு நேர் கீழே. அவ்வளவு பெரிய பாலைவனத்தில் அவளுக்கு வேறு இடமே கிடைக்கவில்லை.