பூட்டு இல்லாத கதை

எட்டே பக்கக் கதை அது. அதைப் பள்ளிக்கூடத்தில் படிக்காத ஆளில்லை. ஒரு குமாஸ்தாவை ஓர் அறையில் உட்காரச் சொல்கிறார்கள். கதவு திறந்தேதான் கிடக்கிறது. கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்கள் என்று அவன் கடைசிவரை எழுந்து போவதே இல்லை. அதை இரண்டரை மணி நேரப் படமாக இழுக்கச் சொல்லித்தான் டைரக்டர் என்னை இந்த லாட்ஜ் அறையில் போட்டிருக்கிறார். வெயில் காலத்தில் வந்தவன், மழையே முடிந்துவிட்டது.

குமாஸ்தாவுக்குக் காதலி, இரண்டு சண்டை, வாய் பேசாத தங்கை எல்லாம் சேர்த்தாயிற்று. இன்று டைரக்டர் என் கட்டிலில் சாய்ந்துகொண்டு புதிதாக ஒன்றைக் கிளப்பினார்.

"கதவு தொறந்துதானே இருக்கு, அப்புறம் ஏன் அவன் போகல? லாஜிக் இடிக்குதே. வெளிய ஒரு பூட்டு போட்டுடுங்க."

"கதையே அதுதான் சார்."

"எந்த மடையன் தொறந்த ரூம்ல அடைஞ்சு கெடப்பான்? ஜனங்க சிரிப்பாங்க. எழுதி வைங்க, நாளைக்கு வர்றேன்."

கதவைச் சாத்தாமலே போய்விட்டார்.

மனைவி போன் செய்தாள். "போதும், கெளம்பி வாங்க. உங்களை அங்க யாரு கட்டிப் போட்டிருக்கா?"

"இந்த ஒரு சீன்தான். நாளைக்கு வர்றேன்னிருக்காரு."

"போன மாசமும் இதையேதான் சொன்னீங்க."

வைத்துவிட்டாள். திறந்த கதவு வழியாகப் படிக்கட்டு தெரிந்தது. கீழே பஸ் ஒன்று ஆள் ஏற்றிக்கொண்டிருந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தி, உள்ளே தாழ் போட்டேன். பிறகு உட்கார்ந்து, அந்த மடையனுக்கு ஒரு பூட்டு எழுத ஆரம்பித்தேன்.