மூன்றாவது கியரில் மாமியார்

டிரைவிங் ஸ்கூல் வைத்து இத்தனை வருடமாகியும் மாப்பிள்ளையின் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. அவர் ஆக்ஸிலரேட்டரில் கால் வைப்பதைப் பார்த்தால், தூங்கும் குழந்தை பக்கத்தில் நடக்கிறாரோ என்று தோன்றும். அப்பேர்ப்பட்ட மனிதரைப் பிடித்து, "நல்லா ஏறி மிதிங்க!" என்று பெண்டாட்டி கத்தினால் அவர்தான் என்ன செய்வார், பாவம்!

பெண்டாட்டி மெக்கானிக். அதுவும் ரேஸ் கார் எஞ்சின் கட்டுகிறவள். இதுவரை யாரோ ஒருவரின் பட்டறையில் நின்று கட்டிக்கொண்டிருந்தாள். சொந்தமாக ஷெட் போட்டு, முதல் போல்ட்டிலிருந்து கடைசி போல்ட் வரை தானே முறுக்கிய முதல் எஞ்சின் இதுதான். ரேஸ் டீம் முதலாளி சாயங்காலம் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவருக்குத் திருப்தி என்றால் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் இந்த எஞ்சின் ஓடும். இல்லையென்றால் வழக்கமான பட்டறையின் எஞ்சினை மாட்டிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் இவள் வாசலை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

டீமின் ரேஸ் வண்டியில் மாட்டி, காலையில் ஸ்டார்ட் செய்து பார்த்தாயிற்று. ஒரு சொட்டு ஆயில் கசியவில்லை. ஆனால் புது எஞ்சினை அப்படியே தூக்கிக் கொடுத்துவிட முடியாது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு உரசி உரசிப் பொருந்த வேண்டும். அதற்கு முதல் ஓட்டத்திலேயே வண்டியை நன்றாக மிதித்து ஏற்ற வேண்டும், சட்டென்று காலை எடுத்து கியரிலேயே இறங்க விட வேண்டும், மறுபடி மிதிக்க வேண்டும். பூப்போல ஓட்டினால் சுவர் வழவழத்துப் போய்விடும். ரிங் பொருந்தாது, எஞ்சின் ஆயிலைக் குடிக்கும். பிரித்து மறுபடி கட்டுவதற்கு ஞாயிற்றுக்கிழமை காத்திருக்குமா?

தானே ஓட்டலாம் என்றால், முந்தாநாள் ஷெட் படியில் வழுக்கி கியர் போடும் கையை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டு முழங்கை வரை.

அதனால்தான் மாப்பிள்ளை ஓட்டினார். ஷெட் இருந்தது ஒரு பழைய கிடங்கு வளாகத்தின் மூலையில். நீளமாக சிமெண்டுத் தரை, ஆள் நடமாட்டம் இல்லை. அவர் பாடம் நடத்துவதும் அங்கேதான். பக்கத்து சீட்டில் மனைவி உட்கார்ந்து, "மிதிங்க, மிதிங்க!" என்றாள்.

"மிதிக்கிறேனேம்மா!"

"இதுக்குப் பேரு மிதிக்கிறதா? தடவிக் கொடுக்கிறீங்க!"

இரண்டு சுற்று வந்தார்கள். பின்னால் ஆயில் எரிகிற நீலப் புகை விடாமல் வந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கத்தான் பார்த்தார். வேகமானி ஊசி மேலே ஏற ஏற அவர் கால் தானாகவே பின்வாங்கியது. மூன்றாவது சுற்றில் அவள் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"போச்சு. என் உழைப்பெல்லாம் போச்சு."

மாப்பிள்ளைக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவள் தூங்காமல் கட்டிய எஞ்சின், தன் காலால் பாழாகிறதே என்று நொந்துபோனார்.

அந்த நேரம் பார்த்து வளாகத்தின் மறுகோடியில் ஒரு சத்தம். உர்ர்ர்ர்! அப்புறம் சப்பென்று அடங்கியது. மறுபடி உர்ர்ர்ர்! டிரைவிங் ஸ்கூல் கார் தவளை மாதிரி தாவித் தாவி வந்துகொண்டிருந்தது. உள்ளே, தனியாக ஓட்டிப் பழகிக்கொண்டு, மாமியார்.

மாமியார் கார் கற்றுக்கொள்ள ஆரம்பித்து ஒரு மாதம். மாப்பிள்ளைக்கு வாய்த்த மாணவர்களிலேயே இவரைப் போல ஒருவர் கிடையாது. மிதித்தால் முழுசாக மிதிப்பார், பயம் வந்தால் முழுசாக விட்டுவிடுவார். நடுவில் ஒன்று இருப்பதாகவே அவருக்குத் தெரியாது. வேறு ஆளாக இருந்தால் மாப்பிள்ளை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பார். மாமியாரை என்ன சொல்வது? "அத்தை, உங்களுக்குச் சிரமம் இல்லேன்னா, கொஞ்சம் மெதுவா..." என்று இழுப்பதற்குள் வண்டி சுவர்கிட்டே போயிருக்கும்.

மகள் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றாள். கண்ணைத் துடைத்தாள்.

"அம்மாவைக் கூப்பிடுங்க."

"எதுக்கு?"

"அவங்க ஓட்டட்டும்."

"ரேஸ் வண்டியையா? உனக்குக் கையில மட்டும்தானே அடிபட்டுச்சு?"

"ஏத்துறதும் இறக்குறதும் கேட்டீங்கல்ல? எனக்கு வேணும்கிறது அதேதான். கூப்பிடுங்கன்னா!"

மாமியார் வந்தார். மகள் ஒரு கம்பெனியில் இருக்கிறாள் என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறவர் அவர். என்ன கம்பெனி என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். ஷெட்டுக்குள் இதுவரை கால் வைத்ததில்லை. ரேஸ் வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் எப்படிடி இதை ஓட்டுவேன்?"

"உனக்குத் தெரிஞ்ச மாதிரியே ஓட்டும்மா. மூணாவது கியர் வரைக்கும் போட்டுட்டு, நான் சொல்றப்ப மிதி, விடுன்னா விடு. இவரு சொல்லிக் கொடுத்ததை மட்டும் மறந்துடு."

"அப்பாடா!" என்றார் மாமியார். "மாப்பிள்ளை, தப்பா எடுத்துக்காதீங்க."

அப்புறம் நடந்ததை மாப்பிள்ளை சுவரோரமாக நின்று பார்த்தார். வண்டி கர்ஜித்துக்கொண்டு பறந்தது. "விடு!" என்று உள்ளே குரல் கேட்கும், மாமியார் அலறுவார், எஞ்சின் உறுமி இறங்கும். "மிதி!" மறுபடி பறக்கும். ஒவ்வொரு தடவையும் மாப்பிள்ளையின் வலது கால் சிமெண்டுத் தரையில் இல்லாத பிரேக்கை அழுத்தியது. நாலைந்து சுற்றுக்குப் பிறகு மாமியாரின் அலறல் சிரிப்பாகிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நீலப் புகை மெலிந்து, அப்புறம் சுத்தமாகவே நின்றுவிட்டது. மாப்பிள்ளைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வண்டி நின்றதும் மாமியார் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கேட்டார்.

"ஏண்டி, இது மொத்தமும் நீ செஞ்சதா?"

"ஆமாம்மா."

"தனியாவா?"

"தனியாத்தான்."

மாமியார் இறங்கி, மகள் பின்னாலேயே ஷெட்டுக்குள் போனார்.

சூடு ஆறுவதற்குள் அழுத்தம் பார்க்க வேண்டும். மாப்பிள்ளை பிளக்குகளைக் கழற்றினார், மாமியார் டார்ச் பிடித்தார், மகள் ஒற்றைக் கையால் ஒவ்வொரு சிலிண்டராக அளவுமானியை மாட்டினாள். மாப்பிள்ளை செல்ஃப் அடித்தார். நாலு சிலிண்டரிலும் ஊசி மேலே ஏறி ஒரே இடத்தில் போய் நின்றது; ரிங்குகள் கச்சிதமாகப் பொருந்திவிட்டன. அவள் "ஐயோ!" என்று கத்தின கத்தில் மாமியார் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டார்.

முதலாளி வந்தார். நம்பாமல் தானே இன்னொரு தரம் அளந்தார். நல்ல கெட்டிக்காரர், கொஞ்சம் கறார். எஞ்சினை ஓட விட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பிரமாதமா செட் ஆயிருக்கே! யார் ஓட்டினது?"

தான்தான் என்று சொல்ல மாப்பிள்ளையின் நாக்கு துறுதுறுத்தது. மாமியார் அவரைப் பார்த்த பார்வையில் அடங்கியது.

"எங்க அத்தை," என்றார். முதலாளி ஜோக் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"சரி, ஞாயிற்றுக்கிழமை இதுதான் ஓடுது. பானட்டுல எஞ்சின் கட்டினவங்க பேரு ஒட்டணும். ஷெட்டுக்குத்தான் இன்னும் பேரு வைக்கலையே, உங்க டிரைவிங் ஸ்கூல் பேரையே போட்டுடலாமா சார்?"

மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் மாமியார் முன்னால் வந்து நின்றார்.

"ஸ்கூல் பேரு எதுக்கு? என் பொண்ணு கட்டினது, அவ பேரைப் போடுங்க. நல்லா கொட்டை எழுத்துல போடுங்க. சொந்தக்காரங்க அத்தனை பேரையும் கூட்டிட்டு வரேன், எல்லாரும் படிக்கணும்."

மகள் ஒற்றைக் கையால் அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.