அச்சுக்கோப்பு: ரோஸிலி

வாத்தியார் உதுப்பு மாஷின் மலையாள அகராதிக்குள் எந்த எழுத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்பது குன்னங்குளத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். ஒளித்து வைத்தவளே அவள்தான். மாஷ் பெரிய பிடிவாதக்காரர். எழுத்தோடு எழுத்து பின்னி நிற்கும் பழைய லிபியில்தான் தன் அகராதி வரவேண்டும் என்று இனாசு முதலாளியின் அச்சாபீசில் சட்டமாக வந்து உட்கார்ந்துவிட்டார். கம்ப்யூட்டரில் இருந்த எழுத்துருவிலோ அந்தக் கூட்டெழுத்துகள் கிடையாது. அங்கே அச்சுக்கோக்கும் ரோஸிலி ஒவ்வொன்றாகத் தானே வரைந்தாள். வரைந்ததை வைக்க இடம் வேண்டுமே. குன்னங்குளத்தில் பவுண்டுக் குறி யாருக்கு வேண்டும்? அதைத் தூக்கிவிட்டு அங்கே ஓர் எழுத்தை உட்காரவைத்தாள். யென் குறியின் இடத்தில் இன்னொன்று. இடம் போதாமல் இரண்டாவது எழுத்துரு ஒன்றும் தொடங்கினாள். மொத்தம் முந்நூற்றுப் பதினாறு. எது எங்கே இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிவைத்தாள். அகராதியை அடித்து முடிக்க மூன்று வருடம் ஆயிற்று.

புத்தகம் வந்தபோது அட்டை வரைந்தவன் பெயர் இருந்தது, பைண்டு செய்தவர் பெயரும் இருந்தது. அச்சுக்கோப்பு என்ற இடத்தில் மட்டும் 'ஆபீஸ்' என்று இருந்தது.

"நீ வேற, ஆபீஸ் வேறயா ரோஸிலி?" என்றார் இனாசு. அதைப் பாராட்டு என்று எண்ணி வீட்டுக்குப் போய்ப் புருஷன் பொறிஞ்சுவிடம் சொன்னாள். அவன் சிரித்த சிரிப்பு பதினாறு வருடமாக அவள் காதில் கிடக்கிறது.

இப்போது மாஷும் இல்லை, இனாசுவும் இல்லை. இனாசுவின் மகன் ஜிஜோதான் முதலாளி. அகராதியை எந்தக் கம்ப்யூட்டரிலும் படிக்கக்கூடிய யூனிகோடுக்கு மாற்றி மறுபதிப்பு போட வேண்டும் என்று கொச்சியிலிருந்து அனூப் என்ற பையனை வரவழைத்தான். அனூப் தன் மடிக்கணினியில் பழைய கோப்பைத் திறந்தால் பக்கம் முழுக்க டாலரும் அடைப்புக்குறியும் ஆங்கில எழுத்துமாக இறைந்து கிடந்தது.

"சேச்சி, இதென்ன, கோழி கிளறிவிட்ட மாதிரி இருக்கு?"

"கிளறின கோழி நான்தான். உனக்கு என்ன வேணும்?"

நோட்டு வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால் ஆயிரத்து முந்நூறு பக்கமும் குப்பை. ஜிஜோ தானே வந்து அவள் மேஜையருகே நின்றான். அந்த நேரத்தில் அவள் எதைக் கேட்டிருந்தாலும் நடந்திருக்கும். இந்தப் பெண்பிள்ளை என்ன கேட்டாள்?

"இந்தத் தடவையாவது என் பேரு வரணும் ஜிஜோ."

"இதெல்லாம் கேக்கணுமா சேச்சி? போட்டுட்டாப் போச்சு."

நோட்டை அந்த நிமிடமே எடுத்துக் கொடுத்தாள். அதை வைத்து எழுத்து மாற்றும் நிரல் ஒன்றை அனூப் எழுதினான். மாறி வந்த பக்கங்களைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு மாதம் அவளே படித்துத் திருத்தினாள். அச்சுக்குப் போகும் நாளன்று அனூப் கொச்சியிலிருந்து கூப்பிட்டான். "எல்லாம் தயார் சேச்சி. உங்க பேரு ஒண்ணுதான் பாக்கி. பேரை மட்டும் அடிச்சு அனுப்பிடுங்க."

தன் பழைய கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்து அடித்தாள். இருபத்து நாலு வருடம் பழகிய விரல்கள், பழகிய எழுத்துருவிலேயே அடித்தன. திரையில் 'ரோஸிலி' என்று அழகாக நின்றது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு அனுப்பினாள்.

வெளியீட்டு விழா சர்ச்சின் பாரிஷ் ஹாலில் நடந்தது. பாதிரியார் அச்சன் ஜெபம் சொன்னார், ஜிஜோ தன் அப்பச்சனின் தீர்க்கதரிசனத்தைப் பற்றிப் பேசினான். பொறிஞ்சு வெளுத்த வேட்டியில் வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பக்கங்களைப் புரட்டினான்.

"எங்கடி உன் பேரு?"

"அச்சுக்கோப்புன்னு இருக்கும், பாருங்க."

"இருக்கு. பக்கத்துல ஏதோ இங்கிலீஷ்ல இருக்கு. கம்பெனி பேரா?"

வாங்கிப் பார்த்தாள். tdmknen என்று இருந்தது. புத்தகத்தில் எல்லா எழுத்தும் நிரல் வழியாக மாறி வந்தவை. கடைசியில் ஒட்டிய அந்த ஒற்றைச் சொல் மட்டும் மாறவில்லை. மற்றவர்களுக்கு அது கிறுக்கல். அவளோ வருடக்கணக்கில் ஆங்கில விசைகளைத் தட்டித்தான் மலையாளம் அடித்திருந்தாள், ஒரே பார்வையில் அவளால் படிக்க முடிந்தது. தன் பெயர்தான், ஒரு பிழையும் இல்லை. தன் விரல்கள் மேல்தான் முதலில் ஆத்திரம் வந்தது.

பொறிஞ்சு இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவன் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அனூப் பாவம், ஃபோனிலேயே திணறினான். "ஏதோ ஈமெயில் ஐடின்னு நெனச்சு அப்படியே விட்டுட்டேன் சேச்சி."

மறுவாரம் அகராதியில் பத்துச் சொற்கள் தப்பு என்று தெரிந்தது. பிழைதிருத்தச் சீட்டு ஒன்று அடித்து ஒவ்வொரு பிரதியிலும் வைக்கச் சொன்னான் ஜிஜோ. ரோஸிலி பட்டியல் எழுதினாள். பத்தையும் எழுதிவிட்டு, பதினோராவதாகத் தன் பெயரையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் பேனாவை எடுத்துப் பதினோராவதைக் கோடு போட்டு அடித்தான்.

"அடுத்த பதிப்புல சரி பண்ணிக்கலாம் சேச்சி."

"அடுத்த பதிப்பு வர இன்னொரு பதினாறு வருஷம் ஆகும். எனக்கு இப்பவே அம்பத்தி நாலு."

"கோவிக்காதீங்க. சொல்லு தப்பா இருந்தா படிக்கிறவன் குழம்புவான். உங்க பேரு தப்பா இருந்தா யாரு குழம்பப் போறாங்க?"

அவன் கேலிக்குக் கேட்கவில்லை, மெய்யாகவே கேட்டான். ரோஸிலி நின்று யோசித்துப் பார்த்தாள். மாஷ் இருந்தால் குழம்பியிருப்பார். வேறு யாரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

தன் இடத்துக்குப் போய், யூனிகோடில் பத்துச் சொற்களையும் அடித்து, இரண்டு முறை சரிபார்த்து, அச்சுக்கு அனுப்பினாள்.