எண்ணூருக்குப் போகாத படம்

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்தில் பிறந்தது. ராயபுரத்தில் ஒருவர் கேமரா முன்னால் பேசினால், அந்தப் படம் ஒரே நேரத்தில் நாலு இடத்துக்கு எப்படிப் போகிறது? நாலு தடவை அனுப்புவார்களா? இல்லையாம். ஒரே தடவைதான். வழி பிரிகிற இடத்தில் அங்கிருக்கும் ரூட்டர் என்ற பெட்டியே பிரதி எடுத்துக்கொள்ளுமாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

முதல் வரி: "2006. எண்ணூரின் உப்புக்காற்றில்..."

(அடித்துவிட்டேன். உப்புக்காற்று இல்லாமல் எண்ணூரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.)

2

செங்கொடி, வியாசர்பாடிப் பெண். வீட்டில் மாதச் சம்பளம் வாங்கும் முதல் ஆள். நெட்வொர்க் கம்பெனியில் வேலை. அந்த வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் ஒரு மாதம் பாக்கி. ஒரு கன்டெய்னர் கம்பெனியின் ராயபுரம் கல்மண்டபம் தலைமை அலுவலகத்தையும், எண்ணூர் உட்பட அதன் கன்டெய்னர் யார்டுகளையும் இணைக்கும் லைன் அவள் பொறுப்பு.

பல கம்பெனிகளின் சரக்கு, அதாவது படமும் பேச்சும், அதே வழியில்தான் போகிறது. ஒவ்வொன்றுக்கும் மேலே தனி உறை போடுவதால் ஒன்றோடொன்று கலப்பதில்லை. (நடுவிலுள்ள ரூட்டர்கள் உறையை மட்டும் பார்க்கும். உள்ளே யார் பேசுகிறார்கள் என்று அவற்றுக்குத் தெரியாது. கதைக்கு இது தேவையா தெரியவில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது.)

இலேசான சரக்கு பொதுவழியில் அந்தக் கம்பெனியின் எல்லா வாசலுக்கும், அதாவது எல்லா யார்டுக்கும் போகும், கேட்டாலும் கேட்காவிட்டாலும். கனமாகிவிட்டால் தனிவழி ஒன்று உருவாகும். அது கேட்ட வாசலுக்கு மட்டும்.

3

அன்று பதினொரு மணிக்கு கன்டெய்னர் கம்பெனி மேனேஜர் கேமரா முன்னால் பேசினார். ஒப்பந்த ஆட்களில் இருபது பேர் நிரந்தரமாகப் போகிறார்கள். பன்னிரண்டுக்குள் போனில் முதலில் பெயர் கொடுக்கும் இருபது பேர். எண்ணூரில் படம் அரை நிமிடம் ஓடி நின்றது. எட்டு வருடமாக அங்கே கன்டெய்னர் கழுவும் கன்னியம்மா, யார்டிலிருந்த ரூட்டர் பெட்டியில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் செய்தாள். எடுத்தது செங்கொடி.

"இன்னாம்மா, படம் நின்னு பூச்சு."

"வயரு கழண்டுக்கீதான்னு பாருக்கா."

"அதெல்லாம் நல்லாத்தான் கீது. பச்ச லைட்டு எரிஞ்சிகினு கீது. அவரு இன்னா சொல்றாருன்னே தெரியல."

செங்கொடி தன் சோதனைக் குறிப்பை எடுத்துப் பார்த்தாள். முந்தின நாள் அவள் சோதித்தது அசையாத ஒரு படத்தை வைத்து. அது பொதுவழியிலேயே போய்விட்டது. இன்று மேனேஜர் கையை ஆட்டிப் பேசியதும் சரக்கு கனத்துத் தனிவழிக்கு மாறியது. எண்ணூர் வாசல் படத்தைத் தரச்சொல்லிக் கேட்கத்தான் செய்தது. நடுவில் ஒரு ரூட்டரில், தனிவழிக்கு அனுமதி தரும் ஒரு கட்டளை வரியை அவள் எழுத மறந்திருந்தாள்.

தேடிக் கண்டுபிடித்து எழுதினாள். படம் வந்தது. மணி பன்னிரண்டு பத்து. இருபது பெயரும் நிரம்பிவிட்டன.

4

இப்போது அவள் முன்னால் புகார்ப் படிவம். 'காரணம்' என்று ஒரு கட்டம்.

"என் தவறு" என்று எழுதினால் எண்ணூர் ஆட்களுக்காகக் கன்டெய்னர் கம்பெனி பட்டியலை மறுபடி திறந்தாக வேண்டும். அவள் வேலை போகும். "யார்டில் வயர் கழன்றது" என்று எழுதினால் அது எண்ணூரின் தவறாகிவிடும், யாரும் கேட்கப் போவதில்லை.

முடிவு அ: உண்மையை எழுதினாள். (அவ்வளவு நல்லவளா? நானாக இருந்தால் எழுதுவேனா?)

முடிவு ஆ: வயர் என்று எழுதிவிட்டு டீ குடிக்கப்... (நம்பலாம். ஆனால் எனக்கு அவள்மேல் கோபம் வருகிறது.)

இதற்குள் கன்னியம்மா மறுபடி போன் செய்துவிட்டாள்.

"பேரு குடுக்க முடியாம பூச்சும்மா. நீ இன்னா பண்ணுவே, பாவம். நான் சொன்னவொடனே சரி பண்ணிட்டியே. நல்லா இரு."

"சரிக்கா" என்று சொல்லிப் போனை வைத்தாள் செங்கொடி.

எனக்குச் செங்கொடியைப் பிடித்துவிட்டது. நான் எழுதினால் அவளைக் காப்பாற்றிவிடுவேன், எண்ணூர் ஆட்களின் வாய்ப்பு போய்விடும். அதனால் கட்டத்தை நீங்கள் நிரப்புங்கள். நிரப்பியதும் கன்னியம்மாவுக்குப் போன் போட்டு, அதை அவளிடம் நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.

காரணம்: