செவுள் மூடி இல்லாத மீன்கள்

ஸ்டூடியோக்காரரின் மூத்த மனைவி ஆற்றில் விழுந்து செத்த மறுவருடம், ஒருநாள் ஈக்கள் எழும்பிய மாலையில், அவளும் தண்ணீரிலிருந்து எழுந்து வந்து ஒரு மணி நாற்பது நிமிடம் கரையில் நின்றாள். நேரத்தில் தவறு இருக்க வழியில்லை. குறித்தவர் அவளுடைய அண்ணன். அவருக்குப் பிழைப்பே கடிகாரம் பழுது பார்ப்பது. ஓய்வு நேரமெல்லாம் மெலிந்த கால்களோடு ஆற்றில் நின்று மீன் பிடிப்பார் என்பதால் ஊர் அவரைக் கொக்கு என்றது. அவள் விழுந்த அன்றும் நாற்பதடி தள்ளி அப்படித்தான் நின்றிருந்தார். ஸ்டூடியோக்காரர் ஈக்கூட்டத்தைப் படம் பிடிக்க, அவள் வெளிச்சம் திருப்பும் தெர்மாகோல் பலகையைப் பிடித்தபடி பாசிக் கல்லில் நின்றாள். கால் வழுக்கியது. கொக்கின் தூண்டிலில் அப்போது பெரிய டிரவுட் மீன் ஒன்று மாட்டியிருந்தது. அதைக் கரையேற்றிவிட்டுத்தான் அவர் திரும்பிப் பார்த்தார். இதற்காக அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவரே தன்னைக் கேட்டுக்கொள்வது போதும் என்று விட்டுவிட்டார்கள்.

அந்த ஈக்கள் வருடம் முழுக்க ஆற்றுக் கற்களுக்கு அடியில் புழுவாகக் கிடப்பவை. கோடையின் தொடக்கத்தில் ஒரே ஒரு மாலை எல்லாவற்றுக்கும் சேர்ந்தாற்போல் இறகு முளைக்கும். தண்ணீருக்கு மேலே ஜோடி சேர்ந்து, முட்டையிட்டு, இருட்டுவதற்குள் செத்து விழும். தின்ன நேரமில்லாததால் அவற்றுக்கு வாய் கிடையாது. திரும்பி வந்தவளுக்கும் இல்லை. மூக்குக்குக் கீழே முகவாய்வரை தோல் வழவழவென்று மூடியிருந்தது. மற்றபடி அதே நீல ஸ்வெட்டர், அதே நடை. முதல் வருடம் வாயில் ஈ நுழைவதுகூடத் தெரியாமல் பார்த்தவர்கள் உண்டு. மூன்றாம் வருடம் பேருந்து வருவதைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வேலையைக் கவனிக்கப் போனார்கள். ஸ்டூடியோக்காரர் மட்டும் படமெடுத்துத் தள்ளினார். கழுவிப் பார்த்தால் எல்லாப் படத்திலும் அடர்த்தியான ஈக்கூட்டம், நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு ஈயே இல்லாத இடம்.

அந்த மூன்றாம் வருடத்தின் கடைசியில் அவர் மீன் பண்ணையில் கிளார்க்காக இருந்த ஒருத்தியைக் கட்டிக்கொண்டார். பெண் பார்க்கும்போதே மூத்தவள் வருவதைச் சொல்லிவிட்டார், மறைக்கவில்லை. வருடத்தில் ஒரு மாலை, அதுவும் இரண்டு மணி நேரம்கூட இல்லை, இதற்குப் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதா என்று இளையவளும் சம்மதித்தாள். நல்ல கணவர்தான். மழைக்கு முன்பே குடையை எடுத்து வைப்பார், காய்ச்சல் என்றால் ஈரத்துணியோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். பேச்சுதான் கிடையாது. கேட்டால் உம், கேட்காவிட்டால் அதுவும் இல்லை. சிலர் சுபாவமே அப்படி என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டிருந்தாள், ஈக்கள் எழும்பும்வரை.

அன்று மாலை கரையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் கேட்டாள். மனிதர் ஒரு வருடப் பேச்சைச் சேர்த்து வைத்திருந்திருக்கிறார். மூத்தவளிடம் மளமளவென்று கொட்டினார். கல்யாணப் படத்தில் மாப்பிள்ளை கண்ணை மூடிவிட்டதையும், சந்தில் நாய் குட்டி போட்டதையும் சொன்னார். பிறகு இளையவளைப் பற்றியும் சொன்னார்.

"அவளுக்கு ஸ்கூட்டர் ஓட்ட வரவே மாட்டேங்குது. நேரா போய்க் குப்பைத்தொட்டில இடிக்கிறா. எனக்குச் சிரிப்பு தாங்கல. ஆனா சிரிச்சா மனசு கஷ்டப்படுவா, அதான் உள்ள போயிட்டேன்."

தன்னைப் பற்றிய பேச்சுகூடத் தனக்கு இல்லை என்பதை இளையவளால் பொறுக்க முடியவில்லை. தன்னிடம் சொல்லியிருந்தால் அவளும் சேர்ந்து சிரித்திருப்பாள்.

டிரவுட் மீன் கல்லடி ஈப்புழுக்களை எவ்வளவு தின்னும் என்பது பண்ணைக்காரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஈ குறைந்தால் மூத்தவள் நிற்கும் நேரமும் குறையும். பண்ணையில் ஊனமாகப் பொரிக்கும் குஞ்சுகளைத் தனித் தொட்டியில் ஒதுக்கி, வாரக் கடைசியில் குழியில் கொட்டுவார்கள். பெரும்பாலும் செவுள் மூடி சரியாக வளராத குஞ்சுகள். சிவந்த செவுள் வெளியே தெரியும். இளையவள் அவற்றைக் குழியில் கொட்டாமல் மூடி போட்ட வாளியில் அள்ளினாள். சாப்பாட்டு இடைவேளையில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போய் ஆற்றின் மேல் வளைவில் விட்டாள். பேச வேண்டிய ஆள் வராவிட்டால் பேச்சு வீட்டுக்குத் திரும்பிவிடும் என்பது அவள் போட்ட கணக்கு.

மறுவருடம் மூத்தவள் ஒரு மணி பத்து நிமிடம் நின்றாள். அதற்கடுத்த வருடம் நாற்பது நிமிடம். கொக்கு கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார், ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த வாரமே ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு இளையவளின் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"தங்கச்சி, இந்த மீனைப் பாரு. செவுளுக்கு மூடியே இல்ல. இது ஆத்துல பொறந்த மீன் இல்லம்மா."

"அப்படியாண்ணே? குடுங்க, பொரிச்சுத் தரேன்."

"இதோட நாப்பத்தஞ்சு பிடிச்சாச்சு. எல்லாமே இப்படித்தான் இருக்கு."

"எண்ணெய் காயுது, உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். இருவரும் பொரித்த மீனை முள் எடுத்துத் தின்றார்கள். அதற்குமேல் அதைப் பற்றிப் பேச்சில்லை. அன்றிலிருந்து கொக்கு கடிகாரக் கடையைப் பாதி நாள் சாத்தினார். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கி, பல்சக்கரம் எடுக்கும் இடுக்கியால் கொக்கியில் இறகும் நூலும் சுற்றிப் பொய் ஈக்கள் செய்தார். அவற்றை நிஜ ஈக்களோடு வைத்தால் அவருக்கே அடையாளம் தெரியாது. அவர் பிடிக்கப் பிடிக்க இவள் வாளி வாளியாகக் கொட்டினாள். கரையில் எதிரே பார்த்துக்கொண்டால் "நல்லா இருக்கீங்களாண்ணே", "இருக்கேம்மா" என்று சொல்லிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். தூண்டில் ஒவ்வொன்றாகத்தான் எடுக்கும். வாளி நூறு நூறாகக் கொட்டும். அடுத்த வருடம் மூத்தவள் பன்னிரண்டு நிமிடம் நின்றாள். ஸ்டூடியோக்காரரால் நாய்க்குட்டிகளைத் தாண்டி எதுவும் சொல்ல முடியவில்லை. மீதியை வீட்டுக்கு எடுத்து வந்தார், ஆனால் இளையவளிடம் சொல்லவில்லை.

அதற்கடுத்த வருடம் ஓர் ஈகூட எழும்பவில்லை. கல்லுக்கடியில் இருந்தபோதே மீன்கள் தின்று தீர்த்திருந்தன. ஸ்டூடியோக்காரர் கேமராவை முக்காலியில் நிறுத்தி ஆறு நாள் கரையில் காத்திருந்தார். ஏழாம் நாள் காலை இளையவள் போய்க் கூப்பிட்டாள்.

"ஏங்க, அவங்க வரமாட்டாங்க. வீட்டுக்கு வாங்க."

"வருவா. ஈ கொஞ்சம் லேட்டாகுது, அவ்வளவுதான்."

இளையவள் வேலைக்குப் போனாள். அவர் லென்ஸுக்கு மூடி போட்டுவிட்டு, ஏதாவது உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீரில் இறங்கிக் கற்களைப் புரட்ட ஆரம்பித்தார். புரட்டிய கல்லைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டு அடுத்த கல்லுக்குப் போவார். அப்படியே ஒவ்வொரு கல்லாக ஆழமான மடு வரைக்கும் போய்விட்டார். மதியம் வாளியோடு வந்த இளையவள் முக்காலியைத்தான் முதலில் பார்த்தாள். கொக்கு இரண்டு வளைவு தள்ளி அவரைக் கண்டெடுத்தார். அன்று அவள் போட்ட கூச்சல் பண்ணைவரை கேட்டது. நான்தான் கொன்றேன், நான்தான் கொன்றேன் என்று கத்தினாள். துக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் கத்துவார்கள் என்று ஊர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொக்கு மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

வாளி பண்ணைக்குத் திரும்பியது. கொக்கு கடையை முழு நாளும் சாத்திவிட்டு ஆற்றிலேயே கிடந்தார். அடுத்த கோடையில் ஒரு சின்னக் கூட்டம், கைக்குட்டை அகலத்துக்கு, தண்ணீர்மேல் எழும்பியது. அதோடு மூத்தவளும், அவள் பின்னாலேயே ஸ்டூடியோக்காரரும் சட்டைக் கையை மடித்தபடி ஏறி வந்தார்கள். நான்கு நிமிடம். இளையவள் ஓடிப்போய் எதிரே நின்றாள். ஒரு வருடமாக யோசித்து வைத்திருந்த மன்னிப்பையெல்லாம் விட்டுவிட்டு, பழக்க தோஷத்தில் "சாப்பிட்டீங்களா?" என்றாள். கேட்ட பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். மூக்குக்குக் கீழே வழவழவென்று மூடியிருந்தது. அவர் என்ன செய்வது என்று தெரியாமல் மூத்தவளைத் திரும்பிப் பார்த்தார். மூத்தவள் இல்லை என்று தலையாட்டினாள்.

மறுநாள் இளையவள் ஆற்றில் கொக்கு நிற்கும் இடத்துக்குப் போனாள்.

"அண்ணே, எனக்குத் தூண்டில் வீசக் கத்துக் குடுங்க."

கொக்கு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "மணிக்கட்டு வலிக்கும்மா."

"வலிக்கட்டும்."

முதல் மாதம் கொக்கி அவள் காதில் மாட்டியது, கொக்கின் தொப்பியில் மாட்டியது, மீனைத் தவிர எல்லாவற்றிலும் மாட்டியது. பிறகு மீனிலும் மாட்டியது. தான் விட்ட மீன்களை ஒவ்வொன்றாகத் தானே திரும்ப எடுக்க அவளுக்கு ஐந்து வருடம் ஆனது. தலைமயிரில் பாதி நரைத்தது. நான்கு நிமிடம் பதினொன்றானது, இருபத்தைந்தானது, ஐம்பதானது. அவ்வளவு நேரமும் அவர்கள் இருவரும் அருகருகே நிற்பார்கள். இளையவள் கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கூப்பிடமாட்டாள்.

இந்த வருடம் ஒரு மணி இருபது நிமிடம். கடைசிப் பத்து நிமிடம் இருக்கும்போது மூத்தவள் தண்ணீரோரமாக நடந்து அண்ணனிடம் போனாள். ஸ்டூடியோக்காரர் கொஞ்ச நேரம் தனியாக நின்றார். பிறகு கரையேறி வந்து, ஈரக் காலோடு இளையவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தூண்டில் கோலைக் கீழே வைத்தாள். சொல்ல நிறைய இருந்தது. பண்ணைக்குப் புது ஆபீசர் வந்ததிலிருந்து ஆரம்பித்தாள்.