நாக்கேன் வீட்டுக் கல்யாணக் கவுன்

வெர்லி சதுப்பில் இறங்கி நின்ற கல்யாணக் கவுனிலிருந்து இன்றும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. லூசியானாவின் பாயூ செரீஸ் ஊரில் இதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. அவள் புருஷன் டுவெய்ன் நாக்கேன் பல் வைத்தியர் கிளினிக்கில் வேலை பார்த்த பெண்ணோடு போய்விட்டான். விவாகரத்து முடிந்த வாரமே அவன் அம்மா, ஊரார் மிஸ் ஓரெலி என்று அழைப்பவள், வந்து கதவைத் தட்டினாள்.

"கவுனக் குடு. மே மாசம் டுவெய்னுக்குக் கல்யாணம். என் மாமியார் போட்டது, நான் போட்டது. அந்தப் பொண்ணும் அதத்தான் போடணும்."

"நானுந்தான் போட்டேன், மிஸ் ஓரெலி."

"அதான் சொல்றேன். நல்லா வெளுத்துக் குடு."

வெர்லிக்குக் காது மடல்கள் கொதித்தன. "சரி" என்று மட்டும் சொன்னாள். புருஷனைப் பிரிந்த பெண்களைக் கல்யாண உடையோடு சேற்றில் புரளவிட்டுப் படமெடுப்பது அப்போது லூசியானா முழுக்க ஒரு மோஸ்தராக இருந்தது. அந்த ஊரில் அப்படிப் படமெடுப்பவள் ஜோலின். வெர்லி கவுனை மாட்டிக்கொண்டு அவளோடு சதுப்புக்குப் போனாள். "சிரிக்க வேணாம்டி, உனக்கு என்ன வருதோ அதப் பண்ணு" என்றாள் ஜோலின். வெர்லிக்கு வந்தது ஆத்திரம்தான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றை அள்ளி மார்பில் அப்பி, டுவெய்னையும் அவனைப் பெற்றவளையும் பெயர் சொல்லித் திட்டினாள். அவள் திட்டத் திட்டக் கவுன் தண்ணீரைக் குடித்தது. சதுப்பு ஒரு முழம் வற்றியது, மீன்பிடிப் படகுகள் தரைதட்டின. கடைசியில் லாரியில் கயிறு கட்டித்தான் அவளைக் கரைக்கு இழுத்தார்கள்.

மறுநாள் கவுனைக் கொண்டுபோய் மாமியார் வீட்டு அலமாரியில் அவளே மாட்டினாள்.

"வெளுத்தியா?"

"முக்கி எடுத்துட்டேன், மிஸ் ஓரெலி."

கவுனிலிருந்து தண்ணீர் சொட்டுவது நிற்கவேயில்லை. சலவைக்கடைக்காரர் இரண்டே நாளில் திருப்பி அனுப்பினார். கொளுத்தினால் நெருப்பு அணைந்தது. குப்பைமேட்டில் எறிந்தால், அங்கே குளமாகிறது என்று ஆட்கள் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். புது மருமகள் கடையில் வாங்கிய உடையில் கல்யாணம் முடித்து, வீட்டில் தேங்கிய தண்ணீரில் கணுக்கால் நனைந்த கோபத்தில் டுவெய்னை டெக்சாஸுக்கு இழுத்துப் போனாள். மிஸ் ஓரெலி ரப்பர் பூட்ஸோடு வெர்லி வாசலில் வந்து நின்றாள்.

"எடுத்துட்டுப் போடி. என் மகனே வீட்டுக்கு வரமாட்டேங்கிறான்."

"உங்க குடும்பத்துச் சொத்து. நீங்களே வச்சுக்கங்க."

வெர்லி கதவைச் சாத்தினாள். கிழவியின் முகம் வாடியதைப் பார்த்தால் கோபம் தீரும் என்று நினைத்திருந்தாள். தீரவில்லை.

வருஷங்கள் போயின. கிழவி வீட்டுக் கூடத்தில் சதுப்பில் வளரும் சைப்ரஸ் மரக் கன்றுகள் முளைத்தன. கவுனின் நீண்ட வாலில் சேற்று இறால்கள் குடியேறிப் பெருகின. இறைச்சி விலக்கும் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அக்கம்பக்கத்தார் வாளியோடு வந்து அள்ளிப் போனார்கள். பங்குச் சாமியாரும் வந்தார். ஒரு பெரிய வெள்ளியன்று வெர்லியும் போனாள். மிஸ் ஓரெலி அவித்த இறாலைத் தட்டு நிறையக் கொட்டி வைத்தாள்.

"காரம் போதுமா?"

"பத்தல."

வெர்லி தட்டைக் காலி செய்தாள். நன்றி சொல்லவில்லை, மன்னிக்கவுமில்லை. அடுத்த தவக்காலத்தில் தன் வாளியையும் எடுத்துக்கொண்டு போனாள்.